கணக்குச் சுருளிலிருந்து கடிவாளம் வரை: 'கன்ட்ரோல்' என்ற சொல்லின் பூர்வீகம்

பிரிவு: சொல்லும் பொருளும்

#1 தெம்பனிஸ் வாசகன் | ஞாயிறு, காலை 10.40

இங்கே சிங்கப்பூரில் வருமான வரி மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது என் வழக்கம். இந்த முறை ஒரு பதவிப்பெயர் கண்ணில் பட்டது: 'கம்ப்ட்ரோலர் ஆஃப் இன்கம் டாக்ஸ்'. நடுவில் எம், பி என்று இரண்டு எழுத்துகள் அழையா விருந்தாளிகளாக உட்கார்ந்திருக்கின்றன. வேலை அனுமதிகளுக்குச் சட்டப்படி பொறுப்பானவரோ வெறும் 'கன்ட்ரோலர்'. இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறா? வரி வாங்குகிறவரை எதற்காகக் 'கட்டுப்படுத்துகிறவர்' என்று அழைக்கிறார்கள்?

கூட வேலை செய்யும் ஒருவர் இது சுத்தமான லத்தீன் சொல் என்றும், சீசர் காலத்துத் தளபதிகள் படைகளை நடத்தப் பயன்படுத்தியது என்றும் அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தேக்கா நடை | ஞாயிறு, காலை 11.02

சீசர் படத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். உங்கள் நண்பர் அங்கே கேட்டிருப்பார்.

#3 கணக்காய்வாளர் (ஓய்வு) | ஞாயிறு, பகல் 1.15

பிறர் எழுதிய கணக்கில் பிழை தேடியே காலம் முழுக்கச் சம்பளம் வாங்கியவன் நான். இந்தச் சொல் எங்கள் தொழிலில் பிறந்தது, ஆகவே விட்டுக்கொடுக்க முடியாது.

இரண்டும் ஒரே சொல். சீசருக்கு அது தெரியாது. செவ்வியல் லத்தீனில் ஆணையிடுவதற்கு 'இம்பெராரே', ஆள்வதற்கு 'ரெகெரே', அடக்கி வைப்பதற்கு 'கோஎர்கேரே' என்று தனித்தனி வினைகள் இருந்தன. 'கன்ட்ரோல்' அவற்றில் எதற்கும் பிள்ளை அல்ல. மேற்கில் ரோமப் பேரரசு சரிந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகு, மடங்களிலும் கருவூலங்களிலும் எழுத்தர்கள் கையாண்ட இடைக்கால லத்தீனில் 'கொன்ட்ராரொட்டுலுஸ்' என்று ஒரு சொல் உருவாயிற்று. 'கொன்ட்ரா' என்றால் எதிர். 'ரொட்டுலுஸ்' என்றால் சுருள், சக்கரத்தைக் குறிக்கும் 'ரொட்டா' என்ற சொல்லின் குட்டி. சேர்த்தால் எதிர்ச்சுருள்.

அன்று கணக்கைப் புத்தகமாகக் கட்டவில்லை. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் எழுதி, தோலோடு தோலைத் தைத்து, பாய் போலச் சுருட்டினார்கள். வரவை வசூலிப்பவர் ஒரு சுருள் எழுதுவார். அவருக்குக் கட்டுப்படாத இன்னொருவர், அதே வரவைத் தனியாகத் தம் கையால் வேறொரு சுருளில் எழுதுவார். ஆண்டு முடிவில் இரண்டையும் கருவூலத்தில் விரித்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே யாரோ பணத்தை விழுங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது சுருளுக்குப் பெயர்தான் எதிர்ச்சுருள். நார்மன்காரர்கள் பேசிய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, 15-ஆம் நூற்றாண்டில் அது வினைச்சொல்லாகப் புழங்கத் தொடங்கியபோது முதற்பொருள் 'இரட்டைக் கணக்கோடு ஒத்துப்பார்' என்பதே. அதட்டல், அடக்கல், அதிகாரம் எல்லாம் அதன்மேல் பிறகு ஏறியவை.

ஆக, வரி அதிகாரி உங்களைக் கட்டுப்படுத்துகிறவர் அல்லர். நீங்கள் ஒரு கணக்கு எழுதுகிறீர்கள், அவரிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது. உங்கள் முதலாளி அனுப்பிய சம்பளக் கணக்கு உங்கள் படிவத்தில் தானாக வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இன்றைய எதிர்ச்சுருள்.

#4 தெம்பனிஸ் வாசகன் | ஞாயிறு, பகல் 1.40

அருமை ஐயா. ஆனால் அந்த எம், பி எங்கிருந்து வந்தன?

#5 கணக்காய்வாளர் (ஓய்வு) | ஞாயிறு, மாலை 4.05

படித்தவர்கள் செய்த கூத்து. 1500-ஐ ஒட்டிய காலத்தில் சில எழுத்தர்கள், இந்தச் சொல்லில் வரும் முதல் பகுதி பிரெஞ்சில் கணக்கைக் குறிக்கும் 'கோந்த்' என்ற சொல்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல் 'கொம்புடாரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் கம்ப்யூட்டரும் அதன் வாரிசு. கணக்கோடு தொடர்புள்ள பதவி, ஆகவே கணக்கின் எழுத்துகள் இருக்க வேண்டும் என்று எம்மையும் பியையும் செருகிவிட்டார்கள். எழுத்து மாறியது, உச்சரிப்பு மாறவில்லை. முறையாகச் சொன்னால் அதையும் 'கன்ட்ரோலர்' என்றே படிக்க வேண்டும். எழுத்துப்படி 'கம்ப்ட்ரோலர்' என்று சொல்பவர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள், தலையை வாங்கத் தேவையில்லை.

ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஓசையில்லாத பி ஒன்று உண்டு. அதைச் செருகியவர்களுக்காவது லத்தீனில் உண்மையாகவே ஒரு பி இருந்தது என்ற சாக்கு இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லில் வரும் எஸ்ஸும் இதே கதை. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அதில் எஸ் கிடையாது. லத்தீன் 'இன்சுலா'விலிருந்து வந்த இன்னொரு சொல்லைப் பார்த்து யாரோ சேர்த்துவிட்டார்கள். இந்தத் தீவில் பிள்ளைகள் எல்லோரும் எழுத்துக்கூட்டல் தேர்வில் அந்தப் பொய் எஸ்ஸுக்கு மதிப்பெண் வாங்குகிறார்கள்.

ஆனாலும் வரி அதிகாரியின் பதவிப்பெயர் மட்டும் மாறவே இல்லை. இங்கே வருமான வரிச் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டு 1948 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் தலைமைக் கணக்காய்வாளர் பதவிப்பெயரில் 1866 முதல் இதே எம்மும் பியும் உள்ளன. இந்தியாவின் அரசியல் சட்டம் 148-ஆம் பிரிவிலும் அதையே எடுத்துக்கொண்டது.

#6 மலர்க்கொடி, யீஷூன் | ஞாயிறு, இரவு 8.30

ஐயா, ஒரு சேர்க்கை. ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் இந்தப் பதவியில் இருந்தவர்தானே?

#7 கணக்காய்வாளர் (ஓய்வு) | ஞாயிறு, இரவு 9.50

நீங்கள் கேட்கமாட்டீர்களா என்று காத்திருந்தேன் டீச்சர்.

1374 ஜூன் மாதம் சாசர் லண்டன் துறைமுகத்தில் கம்பளி, தோல் ஆகியவற்றின் சுங்கத்துக்கு 'கன்ட்ரோலர்' ஆனார். அன்று இங்கிலாந்து அரசருக்குப் பெரும் பணம் கம்பளி ஏற்றுமதி வரியில்தான் வந்தது. வரியை வசூலிக்கும் பொறுப்பு பெரும் வணிகர்களிடம். நிக்கலஸ் பிரெம்பர், வில்லியம் வால்வொர்த் போன்றவர்கள். லண்டன் மேயராகவும் இருப்பார்கள், அரசருக்கே கடனும் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் எழுதும் சுருளுக்கு எதிர்ச்சுருள் எழுத வேண்டியவர் சம்பளக்காரரான இந்தக் கவிஞர். நியமன ஆணையிலேயே ஒரு நிபந்தனை: சுருள்களை அவர் சொந்தக் கையால் எழுத வேண்டும். உதவியாளரை உட்கார வைத்துவிட்டுக் கவிதை எழுதப் போய்விடக் கூடாது.

வரி கட்டிய மூட்டைகளுக்கான சான்றில் குத்தும் முத்திரைகூட இரண்டு பாதிகளாக இருந்தது. ஒரு பாதி வசூலிப்பவரிடம், மறுபாதி கன்ட்ரோலரிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் ஒரு மூட்டையும் கப்பலேறாது. வங்கியில் ஒரு காசோலைக்கு இரண்டு கையெழுத்து கேட்கிறார்களே, அதே மூளைதான்.

1386-இல் பதவியை விட்டார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வசூல்காரர்களை எத்தனை முறை பிடித்தார் என்பது வேறு. என் அனுபவத்தில், எதிர்க்கணக்கு எழுதுபவரைவிட முதல் கணக்கு எழுதுபவர் பத்து மடங்கு பணக்காரராக இருந்தால் கணக்குகள் அழகாக ஒத்துப்போகும்.

#8 தேக்கா நடை | ஞாயிறு, இரவு 10.11

இவ்வளவு நல்ல கணக்காய்வாளர் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்கலாமா?

#9 கணக்காய்வாளர் (ஓய்வு) | ஞாயிறு, இரவு 10.14

கூடாது.

#10 ஜூரோங் ஆய்வகம் | திங்கள், காலை 7.55

இந்த இழை என் நெடுநாள் எரிச்சல் ஒன்றைத் தொட்டுவிட்டது. மருந்துச் சோதனைகளில் ஒரு குழுவுக்கு மருந்து கொடுப்பார்கள், இன்னொரு குழுவுக்கு மருந்தைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரை கொடுப்பார்கள். இரண்டாவது குழுவை ஆங்கிலத்தில் 'கன்ட்ரோல்' குழு என்பார்கள். நான் முன்பு இருந்த இடத்தில் தன்னார்வலர்களுக்கான தமிழ்ப் படிவத்தில், 'நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்க்கப்படலாம்' என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு பாட்டி படித்துவிட்டு, "சோற்றில் கட்டுப்பாடா, உப்பிலா?" என்று கேட்டார். இன்னொருவர் அதைக் கமிட்டி என்று புரிந்துகொண்டு, கூட்டம் எந்தக் கிழமை என்று விசாரித்தார்.

ஐயா சொன்னதைப் படித்தபின் தெளிவாகிறது. அங்கே யாரும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. மருந்து சாப்பிட்டவர்களின் முடிவு முதல் சுருள், சாப்பிடாதவர்களின் முடிவு எதிர்ச்சுருள். 19-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் அந்தச் சொல்லை எடுத்தபோது பழைய பொருளில்தான் எடுத்திருக்கிறார்கள். 'ஒப்பீட்டுக் குழு' என்று எழுதியிருந்தால் பாட்டி உப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். தரக் கட்டுப்பாடு என்கிறோமே, அதுவும் பாதி தவறுதான். தொழிற்சாலையில் அவர்கள் செய்வது பெரும்பாலும் மாதிரியோடு ஒத்துப்பார்ப்பது.

#11 மலர்க்கொடி, யீஷூன் | திங்கள், இரவு 8.12

ஒப்பீட்டுக் குழுவுக்கு என் முழு ஆதரவு. ஆனால் அங்கிருந்து தரக் கட்டுப்பாட்டுக்குத் தாவுவதை ஏற்க மாட்டேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அது இன்று என்ன பொருள் தர வேண்டும் என்பதற்குச் சட்டம் ஆகாது. சங்கப் பாடல்களில் நாற்றம் என்றால் நறுமணம். அந்த ஆதாரத்தை நம்பி இன்று ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணிடம் "உங்கள் மாலை நாற்றம் அடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் இந்த வினை அடக்குதல், இயக்குதல் என்ற பொருளுக்கு எப்போதோ குடிபெயர்ந்துவிட்டது. ஐந்நூறு ஆண்டுப் பழைய முகவரிக்குக் கடிதம் போட்டால் அது திரும்பித்தான் வரும். 1947-இல் இங்கே கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-இல் நீக்கினார்கள். அந்த ஐம்பது ஆண்டுகளும் கடைவீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏற்ற முடியாமல் தவித்தார்கள். அவர்களிடம் போய் "இது வெறும் ஒப்பீடுதான்" என்று சொல்ல முடியுமா?

#12 கணக்காய்வாளர் (ஓய்வு) | திங்கள், இரவு 10.30

டீச்சர், வாடகைச் சட்டத்தில் கட்டுப்பாடே சரி. அங்கே ஒத்துப்பார்க்க எதுவுமில்லை. என் வாதம் வேறு. பழைய பொருள் செத்துவிட்டது என்று நீங்கள் எழுதுவது ஆங்கிலத்துக்குக்கூட முழு உண்மையில்லை. அக்கம்பக்கத்து மொழிகளுக்குச் சிறிதும் உண்மையில்லை. பிரெஞ்சில் ரயிலில் டிக்கெட் பரிசோதிப்பவர் 'கோந்த்ரோலர்'. பள்ளியில் வைக்கும் சிறு தேர்வு 'கோந்த்ரோல்'. ஜெர்மன் நாட்டு எல்லையில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பது 'கொன்ட்ரோலெ'. அந்த மொழிகளில் இதைக் கேட்டு யாருக்கும் முதலில் கடிவாளம் நினைவுக்கு வராது, சோதனைதான் வரும். ஆங்கிலத்தில் மட்டும் குதிரை ஓடிவிட்டது.

இதற்கு நேர்மாறாக ஓடிய சொல் ஒன்று உண்டு. 'செக்'. அது சதுரங்கப் பலகையில் பிறந்தது. பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா', அரபு வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று. அரசனை நகரவிடாமல் மறிப்பது முதற்பொருள். அதிலிருந்து தடுத்து நிறுத்துதல். சரிபார்த்தல் என்ற பொருள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. அதாவது 'செக்' அடக்குவதில் தொடங்கிச் சரிபார்ப்பதில் வந்து நின்றது. 'கன்ட்ரோல்' சரிபார்ப்பதில் தொடங்கி அடக்குவதில் போய் நின்றது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் பேருந்துகளைப் போல வழியில் ஒன்றையொன்று கடந்திருக்கின்றன.

#13 கிராணி பேரன் | செவ்வாய், காலை 6.20

ஐயா, நீங்கள் 'செக்' என்று எழுதியதும் தூக்கம் போய்விட்டது. என் தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர். அவர் மேசையில் எப்போதும் ஒரு நீளப் புத்தகம் இருக்கும், அதைச் 'செக்ரோல்' என்பார்கள். இருட்டோடு பெரட்டுக்கு ஆள்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், வந்தவருக்கு எதிரே ஒரு குறி. மாதச் சம்பளம் அந்தக் குறிகளை எண்ணித்தான். கங்காணியிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சம்பள நாளில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தோட்டமே கூடிவிடும் என்பார் தாத்தா.

செக்ரோல் என்றால் சரிபார்க்கும் சுருள். கொன்ட்ராரொட்டுலுஸும் அதேதானே? லத்தீன் படிக்காத தோட்டத்து மக்கள் வாயில் அந்தச் சொல்லின் இரட்டைப் பிள்ளை புழங்கியிருக்கிறது.

#14 கணக்காய்வாளர் (ஓய்வு) | செவ்வாய், காலை 9.00

இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தோன்றியதில்லை. பிரமாதம் தம்பி.

#15 மலர்க்கொடி, யீஷூன் | செவ்வாய், பிற்பகல் 3.45

கிராணி பேரன் கங்காணியைக் கொண்டுவந்துவிட்டார், இனி நான் சும்மா இருக்க முடியாது.

கங்காணி என்பது கண்காணி. கண்ணால் காண்பவர். மேலாளர்களைக் குறிக்கும் 'சூப்பர்வைசர்' என்ற சொல்லின் லத்தீன் பகுதிகளைப் பிரித்தால் 'மேலிருந்து பார்ப்பவர்' என்று வரும். தமிழும் லத்தீனும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. கண்காணி புதுச் சொல்லும் அல்ல. சோழர் கல்வெட்டுகளில் கோயில் கணக்கையும் வேலையையும் மேற்பார்க்கும் பொறுப்பாக வருகிறது. பார்ப்பதுதான் அவருடைய வேலை.

மலாயாத் தோட்டத்துக் கங்காணி வெறுமனே பார்த்துக்கொண்டா இருந்தார்? சொந்த ஊருக்குப் போய் ஆள் திரட்டினார். கப்பல் செலவுக்கு முன்பணம் கொடுத்தார். தம் கூட்டத்தில் ஒவ்வோர் ஆளும் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தனியாகக் காசு. யாருக்கு எவ்வளவு கடன் என்பது அவர் நோட்டில் இருந்தது, வாசிக்கத் தெரியாதவர்களின் வாழ்க்கை அந்த நோட்டுக்குள் இருந்தது. 1938-இல் இந்திய அரசு தடை போட்டபின்தான் அந்த ஆள்சேர்ப்பு முறை நின்றது. பார்க்க வந்த கண், பிடிக்கும் கையானது. உங்கள் எதிர்ச்சுருள்காரர் அதிகாரியானதும் இதே வழியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் 'தணிக்கை'யைப் பாருங்கள். கணக்கைத் தணிக்கை செய்தால் சரிபார்ப்பது. திரைப்படத்தைத் தணிக்கை செய்தால் வெட்டுவது. ஒரே சொல். ரோமில் 'சென்சார்' என்ற அதிகாரியின் அடிப்படை வேலை குடிமக்களை எண்ணுவதும் சொத்தை மதிப்பிடுவதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் 'சென்சஸ்' அதன் உடன்பிறப்பு. எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஒழுக்கத்தைக் கண்டிக்கும் உரிமையும் வந்து சேர்ந்தது. கி.மு. 184-இல் அந்தப் பதவிக்கு வந்த கேட்டோ, செனட்டிலிருந்து ஆட்களையே நீக்கினார்.

#16 துவாஸ் ராத்திரி | செவ்வாய், இரவு 11.50

கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், வேலை அனுமதியில் வந்தவன். டீச்சர் எழுதியதைத் தங்கும் விடுதியில் நான்கு பேருக்குப் படித்துக் காட்டினேன். ஒருவர் சொன்னார்: "இப்போதும் நோட்டு வைத்திருப்பவனிடம்தான் ஓவர்டைம் இருக்கிறது."

எங்கள் பகுதியில் நேரப் பதிவைப் போர்மேன் ஒரு தாளில் எழுதுவார். நான் என் கைப்பேசியில் தினமும் நுழைந்த நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் தனியாகக் குறித்து வைப்பேன். ஒருமுறை சம்பளச் சீட்டில் மணிநேரம் குறைந்தபோது அதைக் காட்டித்தான் வாங்கினேன். அப்போது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியாது. எதிர்ச்சுருள்!

#17 கணக்காய்வாளர் (ஓய்வு) | புதன், காலை 8.15

துவாஸ் தம்பி, எதிர்ச்சுருள் எழுதும்போது அன்றன்றைக்கே எழுதுங்கள், மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எவரும் மதிக்கமாட்டார்கள். மேலாளருக்கு அனுப்பும் செய்திகளையும் அழிக்காதீர்கள். குறளில் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்து ஏற்க வேண்டும் என்று வருகிறது. அங்கே அது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. கூலி வாங்குகிறவருக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

டீச்சரோடு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. கங்காணியையும் எதிர்ச்சுருள்காரரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கங்காணியின் நோட்டுக்கு எதிர்நோட்டு இல்லை என்பதே கோளாறு. தோட்டத்துக் கிராணியின் செக்ரோல் வருகையைத்தான் சரிபார்த்தது, கடனை அல்ல. கடன் பக்கம் ஒற்றைச் சுருள்.

#18 மலர்க்கொடி, யீஷூன் | புதன், காலை 10.05

எதிர்நோட்டு எழுத அவர்களுக்கு எழுத்து யார் கொடுத்தார்கள் ஐயா? அதற்கும் சேர்த்துத்தான் நான் கோபப்பட்டேன்.

#19 தேக்கா நடை | புதன், பகல் 12.30

எல்லாவற்றையும் விட 'ரொட்டா' என்ற சக்கரம்தான் எனக்குப் பிடித்தது. தேடிப் பார்த்தேன். லத்தீன் 'ரொட்டா'வும் சமஸ்கிருத 'ரத'மும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவையாம். தைப்பூசத்துக்கு முதல்நாள் டேங்க் ரோடு கோயிலிலிருந்து கியோங் சைக் ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போகிறதே வெள்ளி ரதம், அது 'கன்ட்ரோல்' என்ற சொல்லுக்குத் தூரத்துப் பங்காளி. நாடகத்தில் நடிகரின் பாத்திரத்தைக் குறிக்கும் 'ரோல்' என்ற சொல்லும் இதே சுருள்தான். நடிகருக்கான வசனத்தை மட்டும் எழுதிச் சுருட்டிக் கொடுத்த தாளிலிருந்து வந்ததாம்.

#20 மீகாமன் | புதன், மாலை 6.40

துறைமுகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. ஆள்வதைக் குறிக்கும் 'கவர்ன்' என்ற வினையை ஏன் யாரும் தொடவில்லை? கணக்குச் சுருளைவிட அதன் பூர்வீகம் கம்பீரமானது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் 'குபெர்னேதேஸ்'. அது லத்தீனில் 'குபெர்னாரே' என்ற வினையாகி, பிரெஞ்சில் பி போய் வி வந்து, ஆங்கிலத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஆளுநர் தேர்தலைக் குறிக்கும் பெயரடையில் மட்டும் அந்தப் பழைய பி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாகப் பிரிட்டிஷ் முடியின்கீழ் வந்ததிலிருந்து 1959 வரை இங்கே 'கவர்னர்' என்று இருந்தவர்கள், சொல்லின்படி பார்த்தால், சுக்கான்காரர்கள்.

நீராவி எந்திரத்தின் வேகத்தைத் தானாகச் சீராக்க ஜேம்ஸ் வாட் 1788-இல் பொருத்திய சுழலும் இரும்புக் குண்டுகளுக்கும் 'கவர்னர்' என்றே பெயர். அதைப் பற்றி மேக்ஸ்வெல் 1868-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை மனத்தில் வைத்து, நேரே கிரேக்கச் சொல்லுக்கே திரும்பிப் போய், நார்பர்ட் வீனர் 1948-இல் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று தம் துறைக்குப் பெயரிட்டார். இன்று சைபர் குற்றம், சைபர் பாதுகாப்பு என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் அதன் வால். சுக்கானுக்கும் மோசடி மின்னஞ்சலுக்கும் உள்ள உறவை யாராவது என் மாமியாருக்கு விளக்க முடியுமானால் நல்லது.

#21 நெறியாளர் | புதன், இரவு 7.30

மீகாமன், நல்ல பதிவு. 'கவர்ன்' தனி இழைக்குத் தகுதியானது, தொடங்குங்கள். இங்கே 'கன்ட்ரோல்' தொடரட்டும்.

#22 பாத்தாம் பயணி | வியாழன், காலை 7.10

வாரக் கடைசியில் படகேறிப் பாத்தாம் போய்வருவேன். அங்கே ஒரு நண்பரின் மனைவி, "அடுத்த வாரம் டாக்டரிடம் 'கொன்ட்ரோல்' போக வேண்டும்" என்றார். டாக்டரைக் கட்டுப்படுத்தப் போகிறாரோ என்று திகைத்தேன். இந்தோனேசியாவில் மறுபரிசோதனைக்குப் போவதற்கு அப்படித்தான் சொல்கிறார்களாம். கணக்காய்வாளர் ஐயா, இதுவும் உங்கள் கட்சிக்கு ஒரு வாக்கா?

#23 கணக்காய்வாளர் (ஓய்வு) | வியாழன், காலை 9.20

முழு வாக்கு. அது டச்சுக்காரர்கள் விட்டுச்சென்றது. டச்சு மொழியிலும் சோதனை என்ற பொருளே முந்தியது. ஆனால் அவர்களுடைய ஆட்சியில் 'கொன்ட்ரோலர்' என்று ஒரு பதவி இருந்தது. பெயரளவில் மேற்பார்வையாளர், நடைமுறையில் தம் வட்டாரத்தில் கிராமத்துக்குக் கண்ணில் படும் முழு அரசாங்கமும் அவரே. டீச்சர், இந்தப் புள்ளி உங்களுக்கு.

#24 சித்தி நூர்ஜஹான் | வியாழன், பகல் 1.00

வீட்டில் மலாயும் தமிழும் பேசுவோம், அதனால் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். மலாயில் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகப் புழங்குவது 'கவாலன்'. தரக் கட்டுப்பாடு, எல்லைக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் அதுதான். 'கவால்' என்றால் காவல், 'பெங்கவால்' என்றால் காவலாளி. சொல் தமிழிலிருந்து மலாய்க்குப் போனது, நம்முடைய அதே காவல். தொலைக்காட்சி ரிமோட்டை 'கவாலன் ஜாவு' என்பார்கள். ஜாவு என்றால் தூரம். தூரத்துக் காவல்!

நீங்கள் எல்லோரும் மூன்று நாளாகக் கட்டுப்பாடா, ஒப்பீடா, தணிக்கையா என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் தமிழ்ச்சொல்லே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

#25 ஜூரோங் ஆய்வகம் | வியாழன், பகல் 1.25

அக்கா, படித்ததும் கைதட்டினேன். ஆனாலும் 'காவல் குழு' என்று படிவத்தில் போட்டால் பாட்டி போலீஸ் வருகிறது என்று ஓடிவிடுவார். ஒப்பீட்டுக் குழுவே இருக்கட்டும்.

#26 மலர்க்கொடி, யீஷூன் | வியாழன், இரவு 8.50

நூர்ஜஹான், உங்கள் பதிவை என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். ரிமோட்டுக்காக வீட்டில் சண்டை போடும்போதாவது தமிழ் பேசட்டும்.

#27 தெம்பனிஸ் வாசகன் | வியாழன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. சீசர் நண்பரிடம் மூன்றாம் பதிவைப் படிக்கக் கொடுத்தேன். இப்போது அவர், "சாசரைத்தான் சொன்னேன், நீ சீசர் என்று கேட்டிருக்கிறாய்" என்கிறார்.

#28 தேக்கா நடை | வியாழன், இரவு 9.33

அவர் சொன்னதற்கு எதிர்ச்சுருள் வைத்திருக்கிறீர்களா?